பழைய வால்வு செட்டைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பது: வன்னியில் எங்கள் ஹாம் வானொலி நாட்கள்

ஹாம் என்றால் உரிமம் எடுத்து, பொழுதுபோக்காக வானொலியில் அனுப்பியும் கேட்டும் கதைப்பவர். ஹாம் கழகத்தின் வானொலி நாளுக்கு, ட்ரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக் குழாயான வால்வில் ஓடும் பழைய செட் ஒன்றைக் கொண்டுபோனால், பலர் அதை மேசை ஓரத்தில் காட்சிக்கு வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு அட்டை, அதில் செட்டின் பெயரும் ஆண்டும், ‘தொடவேண்டாம்’ என்று ஒரு வரி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் செட் வேலை செய்யவேண்டும், அதுவும் அன்றைக்குத்தான் முதல்முதலாக வானொலியைப் பார்க்கும் ஒரு பிள்ளையின் கையில் வேலை செய்யவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூட வளவுகளில் சில வருடங்களாக இதைச் செய்து வருகிறோம். அதற்கு என்னென்ன ஆயத்தம் வேண்டும், எங்கே கவனம் வேண்டும் என்பதை இதே எண்ணம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது யெய்சு எஃப்டி-101ஈ. 1970களில் உலகம் முழுக்க ஹாம்களின் மேசையில் இருந்த ஜப்பான் செட். ஏறத்தாழ 15 கிலோ நிறை. உள்ளே பெரும்பகுதி ட்ரான்சிஸ்டர்தான். அனுப்பும் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மட்டும் மூன்று வால்வுகள்: ஒரு 12பிவை7ஏ, அதற்குப் பின்னால் இரண்டு 6ஜேஎஸ்6சி. இந்த 6ஜேஎஸ்6சி அந்தக் காலத்துக் கலர் டிவிக்குள் படத்தைக் கிடையாக இழுக்கிற வேலைக்கு என்று செய்யப்பட்ட வால்வு. முகப்பில் ஹீட்டருக்குத் தனிச் சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் வால்வு சூடாகாமல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கழக நாளுக்கு இது பெரிய வசதி. 12 வோல்ட் பற்றரியிலும் ஓடும். ஆனால் அனுப்பும்போது 20 அம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் மோட்டார் சைக்கிள் பற்றரியெல்லாம் காணாது, லொறி பற்றரி வேண்டும்.

நீண்ட காலம் சும்மா கிடந்த செட்டைச் சுவரில் நேரே செருகக் கூடாது. முதலில் ட்ரான்ஸ்ஃபோமரின் இணைப்பு எந்த வோல்ட்டுக்குக் கட்டியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். இந்தச் செட்டை 100 வோல்ட் முதல் 234 வோல்ட் வரை மாற்றிக் கட்டலாம். ஜப்பானுக்குள் விற்ற செட் என்றால் 100இல் இருக்கும். எங்கள் சுவரில் 230. விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் நீங்களே திறந்து பாருங்கள்.

அதற்கடுத்தது பல்ப். 100 வாட் குண்டு பல்ப் ஒன்றைச் செட்டுக்குப் போகும் கரண்ட் வழியில் தொடராகப் போட்டு, ஹீட்டரை அணைத்து வைத்துச் செருகவேண்டும். பல்ப் ஒருதரம் மின்னிவிட்டு மங்கினால் சரி. மங்காமல் பளிச்சென்று நின்றால் உள்ளே எங்கோ சோர்ட். உடனே கழற்றுங்கள். செட்டுக்குப் போகவேண்டிய அடியை அந்தப் பல்ப் வாங்கிக்கொள்ளும். கடைகளில் இப்போது எல்லாம் எல்இடி, அது இந்த வேலைக்கு ஆகாது. எங்காவது பழைய கடையில் குண்டு பல்ப் கண்டால் இரண்டு வாங்கி வைத்துவிடுங்கள். மின்னைச் சேர்த்து வைக்கும் மின்பகு கப்பாசிற்றர்கள் பல வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஒக்சைட் படலம் மெலிந்துபோகும். குறைந்த வோல்ட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றினால் சில மீண்டுவரும். வீங்கியதும் கசிந்ததும் மீளாது. அதைப் பாவம் பார்க்காமல் மாற்றவேண்டும்.

மூடியைத் திறப்பவருக்கு ஒன்று சொல்லவேண்டும். இறுதி வால்வுகளின் தகட்டில் 600 வோல்ட் அளவில் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிற்றரில் அது தங்கி நிற்கும். கழற்றி, பொறுத்து, ஒரு தடையி (ரெசிஸ்டர்) மூலம் இறக்கி, மீட்டரால் அளந்து பூச்சியம் என்று கண்ட பிறகுதான் விரல் உள்ளே போகவேண்டும். அப்போதும் மற்றக் கை முதுகுக்குப் பின்னால். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் மூடியைத் திறக்கவே வேண்டாம். வீட்டில் வைத்து நல்ல படங்களாக எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினால் போதும்.

வன்னிக்கென்று இன்னொரு சோதனை உண்டு. குளவி. களிமண் குளவிக்குக் காற்று போகும் துவாரம் என்றால் போதும், உள்ளே கூடு கட்டிவிடும். பல்லி ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்துச் சூட்டில் முட்டை வைக்கும். மரப்பெட்டியில் வைத்தால் கறையான். மாரி முடிந்து தை மாதத்தில் செட்டைத் திறக்கும்போது முதல் வேலை தூரிகையும் டோர்ச்சும்தான். அதிக வோல்ட் போகும் இடத்தில் காய்ந்த களிமண் கிடந்து, அதில் ஈரம் ஏறினால் பொறி பறக்கும்.

பள்ளிக்கூடத்துக் கரண்ட் பற்றியும் யோசிக்கவேண்டும். கடைசித் தூணுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்றால் பின்னேரம் ஊரே லைட் போடும் நேரத்தில் வோல்ட் இறங்கும். ஹீட்டர் போதிய சூடு இல்லாமல் வால்வை வேலை வாங்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். நாள் முழுக்க ஒரு மல்ரிமீற்றரைச் சொக்கெட்டில் போட்டபடியே வைத்துவிடுங்கள், பார்க்க ஒரு பிள்ளையை நியமித்துவிடுங்கள். உருண்டைக் கால் பிளக், சதுரக் கால் பிளக் இரண்டுக்கும் இணைப்பு வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டும் இருக்கும். ஜெனரேற்றர் என்றால் அதை முதலில் ஓடவிட்டு நிதானத்துக்கு வந்த பிறகு செட்டைச் செருகுங்கள். பெற்றோல் முடிந்து திக்கித் திக்கி நிற்கும்வரை விடாமல் முன்கூட்டியே கழற்றுங்கள்.

இனி, மற்ற ஊர்களில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இருக்காத விஷயம். எர்த் கம்பி அடிக்கவேண்டும் என்று எல்லோரும் எழுதுவார்கள். வன்னியில் நிலத்தில் எதை அடிப்பதற்கு முன்னும் அந்த நிலத்தில் மிதிவெடி அகற்றி முடிந்ததா என்று கேட்கவேண்டும். போர் 2009இல் முடிந்தது. அதற்குப் பிறகும் முகமாலைப் பக்கம் வருடக்கணக்கில் அங்குலம் அங்குலமாகக் கண்ணிவெடி எடுத்தார்கள். ஆகவே எங்கள் நடைமுறை எளிமையானது: சனம் நடந்து பழகிய பள்ளிக்கூட வளவு, கோயில் வளவு, குடியிருக்கும் வீட்டு முற்றம் தவிர வேறெங்கும் போவதில்லை. அங்கேயும் புதிதாகக் கம்பி அடிக்காமல், கட்டடத்துக்கு ஏற்கெனவே அடித்திருக்கும் எர்த்தைச் சோதித்து அதையே பாவிக்கிறோம். அன்ரனாவின் நுனியைக் கட்டக் கூட முளை அடிப்பதில்லை. மரம் அல்லது வேலித் தூண்.

அனுமதி விஷயத்திலும் அதே கவனம். உரிமத்தின் பிரதி, செட்டின் தொடர் இலக்கம் எழுதிய தாள், நிகழ்ச்சி பற்றிய கடிதம் எல்லாம் ஒரு கோவையில் மேசை மேல் இருக்கும். அதிபருக்கும் கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே அறிவித்துவிடுவோம். மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுக்க அனுமதி உண்டா, எந்த அளவுக்கு, யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதையும் முதலே கேட்டு எழுத்தில் வாங்கிவிடவேண்டும். மரத்தில் வயர் கட்டி ஒருவர் மைக்கில் கதைப்பதைக் கண்டால் இங்கே சனத்துக்குப் பல நினைவுகள் வரும். அந்த நினைவுகளை மதிக்கவேண்டும். வருபவரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் காட்டிவிடுவதுதான் நல்லது.

ஒருமுறை சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு ஒரு ஐயா உள்ளே வந்தார். செட்டை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, இது பற்றரியிலயும் ஓடுமோ?”

“ஓடும் ஐயா. பெரிய பற்றரி வேணும்.”

“நாங்கள் சைக்கிளக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்திச் சுத்தி நியூஸ் கேட்டனாங்கள். மூத்தவன் சுத்துவான், நான் காதை வைச்சுக் கேப்பன். அவன் களைச்சால் செய்தி பாதியில நிண்டிடும்.”

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி இங்கே கிடைக்காது. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. அன்று அங்கே நின்ற சாரணப் பிள்ளைகள் ஒருவருக்கும் அது தெரியாது. அவரை ஒரு கதிரையில் இருத்தி, அதையே பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னோம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது, றேடியோ எவ்வளவு குறைவாகச் சாப்பிடும், அனுப்புவதற்கு ஏன் அதைவிடப் பல மடங்கு வேண்டும் என்று நான் ஒரு மணிநேரம் சொல்லியிருந்தாலும் அவ்வளவு பதிந்திருக்காது. பழைய செட் ஒன்று மேசையில் இருந்தால் இப்படிப்பட்டவர்கள் தாமாகவே கிட்ட வருவார்கள். புதுச் செட்டுக்கு முன்னால் அவர்கள் தயங்கி நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

அன்ரனாவுக்கு வருவோம். 7 மெகாஹேட்ஸுக்கு அரை அலைநீள இருமுனை அன்ரனா என்றால் மொத்தம் 20 மீற்றர் வயர், நடுவில் இருந்து பக்கத்துக்கு 10. வன்னியில் பனையும் பாலையும் முதிரையும் இருக்கும்போது கம்பம் தேடி அலையவேண்டாம். கெற்றபோலில் ஈயக்குண்டு வைத்துத் தங்கூசியை (மீன் பிடிக்கும் நைலோன் நூல்) கொப்புக்கு மேலால் அடித்து, அதன் வாலில் நைலோன் கயிற்றைக் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. ஈயக்குண்டு விழும் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. வயர் நிலத்திலிருந்து ஆறேழு மீற்றர் உயரம் என்றால் போதும். இன்னும் உயர்த்தினால் நல்லது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் தேவைக்கு இந்தக் குறைந்த உயரம்தான் உதவும். இந்த உயரத்தில் அலை பெரும்பாலும் நேரே மேலே போய், வானத்தில் அலையைத் திருப்பிவிடும் அயன மண்டலத்தில் பட்டுக் கிட்டக் கிட்ட இறங்கும். கிளிநொச்சியிலிருந்து மதுரை 250 கிலோமீற்றர், கொழும்பு 280, சென்னை 400 அளவில். காலையில் 7 மெகாஹேட்ஸில் இந்த வட்டம் முழுக்க எங்கள் வீட்டு முற்றம் மாதிரி. தமிழ்நாட்டு ஹாம்கள் அங்கே தமிழிலேயே கதைப்பார்கள். முதல்முறை மைக் பிடிக்கும் பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்?

செட்டை இயக்கும் நாளில் நாங்கள் பிடிவாதமாக வைத்திருக்கும் முறை, இரண்டு கதிரை. ஒரு கதிரையில் இருப்பவர் செட்டைச் சுருதி சேர்ப்பார், மற்றவர் கதைத்துக் குறிப்பேட்டில் எழுதுவார். ஒருவரே இரண்டையும் செய்தால் கதை சூடுபிடிக்கும்போது மீட்டரைப் பார்க்க மாட்டார். பழைய செட்டில் மீட்டரைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அரை மணிநேரம் முன்னதாகவே செட்டைப் போட்டுவிடவேண்டும். சூடேறும்வரை அலைவரிசை மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். சூடேறியதும் உள்ளே இருக்கும் பளிங்கு அளவுகோலை (டயலை ஒப்பிட நிலையான அலை தரும் பாகம்) போட்டு டயலைச் சரிபார்க்கவேண்டும். 100 கிலோஹேட்ஸ் இடைவெளியில் விசில் கேட்கும். டயலின் கோட்டை அதோடு பொருத்திவிட்டால் கையால் சுற்றும் பழைய டயலும் கிலோஹேட்ஸ் கணக்கில் நம்பகமாக இருக்கும். மேசையை வெயில் படாத வராந்தாவில் போடுங்கள். தகரக் கொட்டகைக்குள் மத்தியானம் செட்டும் மனிதரும் ஒன்றாக வாடிப்போவீர்கள்.

அப்புறம் சுருதி. முதலில் அன்ரனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் போலிச் சுமையில் (அன்ரனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் தடையி) பழக்கவேண்டும். கேட்கும் நிலையில் இரைச்சல் உச்சம் வரும்வரை, கேட்கும் அலைவரிசையைத் தெரியும் பிரீசெலெக்டர் குமிழைச் சுற்றவேண்டும். பிறகு ட்யூன் நிலைக்குப் போய், கொஞ்சமாகக் கரியரை (அனுப்பும் அலையின் அளவு) ஏற்றி, பிளேட் குமிழைச் சுற்றவேண்டும். சரியான இடத்தில் மின்னோட்ட மீட்டரின் முள் பட்டென்று கீழே விழுந்து மறுபடி எழும். அந்தப் பள்ளத்தில் நிறுத்தி, அன்ரனாவுக்குப் போகும் சக்தியைச் சரிசெய்யும் லோடிங் குமிழைக் கொஞ்சம் ஏற்றி, திரும்பப் பள்ளத்தைத் தேடி, இப்படி மாறி மாறி. ஒவ்வொரு தடவையும் பத்து வினாடிக்கு மேல் போகக் கூடாது. பள்ளத்துக்கு வெளியே நின்றால் 6ஜேஎஸ்6சியின் தகடு சிவந்துவிடும். பத்து வினாடி, பிறகு ஆறவிடு, பிறகு பத்து வினாடி. பக்கத்தில் ஒரு பிள்ளை சத்தமாக எண்ணும். அந்த எண்ணும் வேலைக்குத்தான் சின்னப் பிள்ளைகளிடையே போட்டி.

பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி முதல்முறை குமிழைப் பிடித்தாள். விரல் நுனியால் மட்டும், தொட்டால் சுடும் என்பதுபோல. எண்ணுகிறவன் ஆறு என்னும்போது முள் விழுந்தது.

“சேர், விழுந்திட்டுது!”

“அதிலயே விடு பிள்ளை. கையை எடு.”

கையை எடுத்துவிட்டு ஏன் விழுந்தது என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் 15 கிலோவைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அலையும் சுற்றும் ஒத்திசையும் இடத்தில் வால்வுக்குப் பாரம் குறைகிறது, அதனால் இழுக்கும் மின்னோட்டமும் குறைகிறது என்று அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். ஒத்திசைவை உயர்தரப் பாடப் புத்தகத்தில் படிக்கும்போது அவளுக்கு அது புதுச் சொல்லாக இராது. புதிய செட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே உள்ளுக்குள் எல்லாம் செய்து முடித்துவிடும். வேலைக்கு அது நல்லது, படிப்பதற்கு இதுதான் நல்லது.

அன்று காலை 7 மெகாஹேட்ஸில் மதுரைப் பக்கத்து நிலையம் ஒன்று பதில் தந்தது. பழைய செட் என்று சொன்னதும் அவர் அவசரப்படாமல் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் ஊரையும் கேட்டார். விசுவமடு, முழங்காவில், அக்கராயன் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். தொடர்பு கிடைத்தவுடன் இதைச் சொல்லிவிடுங்கள்: “நாங்கள் பழைய செட்டில் இருக்கிறோம், கொஞ்சம் அலைவரிசை நகரலாம்.” சொன்னால் எதிர்ப் பக்கம் பொறுமையாகிவிடும். நகர்ந்தால் பெரிய டயலைத் தொடாமல் கிளாரிஃபையர் குமிழால் மட்டும் கேட்பதைச் சரிசெய்யவேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் துரத்தத் தொடங்கினால் கதை முடியும்போது வேறு இடத்தில், இன்னொருவரின் உரையாடலுக்கு மேல் நிற்பீர்கள்.

எந்த நிகழ்ச்சிக்கு இதைக் கொண்டுபோவது என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. வேகப் போட்டிகளுக்கு வேண்டாம். நிமிடத்துக்கு இத்தனை தொடர்பு என்று ஓடும் இடத்தில் பழைய செட்டையும் அதைப் பழகும் பிள்ளையையும் இருத்துவது இரண்டுக்கும் அநியாயம். ஒக்ரோபர் மூன்றாவது வார இறுதியில் வரும் ஜோட்டா, அதாவது உலகெங்கும் சாரணர்கள் வானொலியில் சந்திக்கும் நிகழ்ச்சி, பொருத்தமான இடம். 1958இல் தொடங்கிய நிகழ்ச்சி, புள்ளி இல்லை, வென்றவர் தோற்றவர் இல்லை, கதைப்பதுதான் நோக்கம். ஏப்ரல் 18, உலக அமெச்சூர் வானொலி நாள், இன்னொன்று. 1925இல் பாரிஸில் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் உருவான நாள் அது. மோர்ஸ் தெரிந்தவர்களுக்கு ஜனவரி முதலாம் தேதி அமெரிக்க ஹாம்கள் நடத்தும் நேர்க் கட்டை இரவு (Straight Key Night) இருக்கிறது. பழைய செட்டும் பழைய மோர்ஸ் கட்டையும் வெளியே வருவதற்கென்றே உள்ள இரவு. ஜோட்டாவில் புதிய செட் ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள். கூட்டத்தை அது தாங்கும், பழையது ஆறுதலாக வேலை செய்யும்.

இதெல்லாம் எதற்கு, போனில் கதைக்கலாமே என்று அதிபர்களும் பெற்றோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது அந்தமானில் போர்ட் பிளேயரில் வானொலி முகாம் போட்டிருந்த இந்திய ஹாம்கள்தான் அங்கிருந்து வெளியே செய்தி அனுப்பினார்கள். முல்லைத்தீவுக் கரையில் அடித்ததும் அதே அலைதான். அதைச் சொன்ன பிறகு இங்கே ஒருவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

ஒக்ரோபர் என்றால் இடியும் சேர்ந்துதான் வரும். வடகீழ்ப் பருவம் தொடங்குமுன் பின்னேர இடி வன்னியில் வழக்கம். தூரத்தில் முதல் முழக்கம் கேட்டதும் அன்ரனா வயரைச் செட்டிலிருந்து கழற்றி, கட்டடத்துக்கு வெளியே போட்டு, பிளக்கையும் கழற்றிவிடவேண்டும். பாதிக் கதையில் நின்றாலும் பரவாயில்லை. பிள்ளைகள் மரத்தடியில் நிற்கக் கூடாது. நாங்கள் நிகழ்ச்சியைக் காலை ஆறரைக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது இதனால்தான்.

இரைச்சல் கூடுதலாக இருந்தால் அன்ரனாவைக் குறைசொல்லுமுன் வகுப்பறை எல்இடி லைட்டுகளையும், சூரிய மின்பலகையோடு வரும் இன்வேட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மைக்கும் கவனம். இந்தச் செட்டுக்கு 50 கிலோ ஓம் மைக் வேண்டும், இப்போதைய 600 ஓம் மைக்கை மாட்டினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

முடிந்ததும் ஹீட்டரை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, வால்வுகள் ஆறிய பிறகுதான் தூக்கவேண்டும். சூடான வால்வு வாகனக் குலுக்கலைத் தாங்காது. கிரவல் ஒழுங்கையில் போவதென்றால் செட்டை மடியிலோ பஞ்சணையிலோ வைத்துக் கொண்டுபோங்கள், பின்பெட்டியில் போடவேண்டாம். மாற்று 6ஜேஎஸ்6சி கிடைத்தால் ஒரே தயாரிப்பில் சோடியாக வாங்குங்கள். மாற்றிய பிறகு ஓய்வு மின்னோட்டத்தை 60 மில்லி அம்பியருக்கு வைத்து, வால்வு தானாக அலை எழுப்பாமல் தடுக்கும் நியூட்ரலைசிங்கும் செய்யவேண்டும், அது இல்லாமல் அன்ரனாவில் போடவேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துவாரங்களுக்கு மெல்லிய வலைத்துணி கட்டிவிடுங்கள், குளவிக்கு.